ரிசப்ஷன் போனுக்குக் கூடுதல் பட்டன் பலகை: முதல்முறை வாங்குபவர்களுக்கு

எந்த ஆபீஸுக்குப் போனாலும் ரிசப்ஷன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கும். ஸ்டோர் 214, கணக்கு 118, எம்டி 101 என்று நாற்பது ஐம்பது எக்ஸ்டென்ஷன் நம்பர்கள். அதில் பாதியைப் பேனாவால் அடித்து மேலே புதிதாக எழுதியிருப்பார்கள். வெளியிலிருந்து கால் வந்தால் ரிசப்ஷனில் இருப்பவர் ஒரு கையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கை விரலைத் தாளில் மேலிருந்து கீழே ஓட்டுவார், நம்பரைக் கண்டுபிடித்து மாற்றிவிடுவார், அந்தப் பக்கம் இருப்பவர் ஏற்கெனவே யாருடனோ பேசிக்கொண்டிருப்பார், கால் திரும்பி இவரிடமே வந்து நிற்கும்.

இந்தப் பாட்டுக்குத்தான் போனின் பக்கவாட்டில் மாட்டும் பட்டன் பலகை. எக்ஸ்பான்ஷன் மாட்யூல் என்று பெட்டியில் போட்டிருக்கும். பழைய இபிஏபிஎக்ஸ், அதாவது ஆபீஸ் உள் எக்ஸ்சேஞ்ச் பெட்டி, மாட்டும் ஆட்கள் டிஎஸ்எஸ் கன்சோல் என்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பட்டன், பட்டனுக்கு ஒரு விளக்கு. கணக்குப் பிரிவு போன் பேச்சில் இருந்தால் விளக்கு சிவப்பு, சும்மா இருந்தால் பச்சை. பார்த்துவிட்டுத் தட்டினால் போதும். பொருள் எளிதுதான், ஆனால் தவறாக வாங்கி வந்து மாட்ட முடியாமல் நிற்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எண்ணுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். ரிசப்ஷனில் இருப்பவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, யாருக்குக் கால் மாற்றினாலும் அந்தப் பெயருக்கு நேராக ஒரு கோடு கிழிக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் பார்த்தால் கதை தெரிந்துவிடும். ஐம்பது பேர் இருக்கிற இடத்திலும் கோடுகள் முக்கால்வாசி பதினைந்து இருபது பெயர்களிலேயே குவிந்து கிடக்கும்.

இருபதுதான் என்றால் மாட்யூலே வேண்டியிருக்காது. யீலிங்க் கம்பெனியின் டி46யு போனை எடுத்துக்கொள்ளுங்கள், திரைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 10 பட்டன்கள், அதில் ஒன்று பக்கம் புரட்டவே போய்விடும், மிச்சம் ஒன்பதை மூன்று பக்கங்களாகப் புரட்டி 27 நம்பர் வரை பதியலாம். டி54டபிள்யூ போனிலும் அதே கணக்கு. பல ஆபீஸ்களில் இந்தப் பட்டன்கள் வாங்கிய நாளிலிருந்து ஒன்றும் பதியாமல் காலியாகவே கிடக்கின்றன, மாட்யூலுக்குக் கொட்டேஷன் மட்டும் கேட்டு வருவார்கள். ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: பக்கம் புரட்டிவிட்டால் மறைந்திருக்கும் பக்கத்தில் யார் பேசுகிறார் என்று கண்ணில் படாது. ஒரே பார்வையில் எல்லாரையும் பார்க்க வேண்டிய இடம் என்றால், ஆஸ்பத்திரி ரிசப்ஷன் மாதிரி, அப்போது மாட்யூல் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

போனைத் திருப்பிப் பாருங்கள்

அடியில் ஸ்டிக்கரில் மாடல் நம்பர் இருக்கும். அதை அப்படியே, கடைசி எழுத்து உட்பட, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி எழுத்துதான் இங்கே எல்லாம். யீலிங்கில் டி43யு, டி46யு, டி48யு போன்களுக்கு இஎக்ஸ்பி43. டி53, டி53டபிள்யூ, டி54டபிள்யூ, டி57டபிள்யூ போன்களுக்கு இஎக்ஸ்பி50. பழைய டி46எஸ், டி48எஸ் என்றால் இஎக்ஸ்பி40. டி46எஸ், டி46யு இரண்டும் எட்ட நின்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாட்யூல் மட்டும் வேறு வேறு. முந்தைய 40, 6 பின் உள்ள ஆர்ஜே12 வயரில் ஓடும். புதிய 43, 50 இரண்டும் யுஎஸ்பியில் ஓடும். ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டவே முடியாது.

பட்டன் கணக்கு: 43, 50 இரண்டிலும் ஒரு மாட்யூலுக்கு 20 பட்டன், மூன்று பக்கம், ஆக 60 நம்பர். ஒன்றோடொன்று கோத்து மூன்று வரை மாட்டலாம். 40 என்றால் 20 பட்டன், இரண்டு பக்கம், 40 நம்பர்.

ஆரம்பத்தில் எனக்கும் இந்த அடி விழுந்தது. டி54டபிள்யூ வைத்திருந்த ஒரு ஆபீஸுக்கு, அந்த ஸ்டிக்கரைக்கூடப் பார்க்காமல் இரண்டு இஎக்ஸ்பி40 வாங்கிப் போய்விட்டேன். மேசையில் வைத்து வயரைக் கையில் எடுத்த பிறகுதான் போனில் அதற்கு ஓட்டையே இல்லை என்று தெரிந்தது. ஒரு பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. அந்த மாட்யூல் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

சிஸ்கோவில் 8841, 8851, 8861 மூன்றும் பார்க்க ஒரே குடும்பம். 8851-க்கு இரண்டு மாட்யூல் வரை, 8861-க்கு மூன்று வரை. 8841-க்கு ஒன்றுகூடப் போடமுடியாது. விலை குறைவு என்று ரிசப்ஷனுக்கும் 8841 வாங்கிவிட்டுப் பிறகு கையைப் பிசைவார்கள். கிராண்ட்ஸ்ட்ரீமில் ஜிஎக்ஸ்பி2140, 2170 போன்களுக்கு ஜிஎக்ஸ்பி2200இஎக்ஸ்டி என்கிற மாட்யூல், ஒன்றில் 40 நம்பர், நான்கு வரை கோக்கலாம். புதிய ஜிஆர்பி2615-க்கு ஜிபிஎக்ஸ்20. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மலிவு விலை போன்கள் பெரும்பாலும் மாட்யூல் ஏற்காது, யீலிங்க் டி31, டி33 அந்த ரகம்.

இதுவரை சொன்னவை நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி போன்கள். அதெல்லாம் இல்லை, பழைய பானசோனிக் இபிஏபிஎக்ஸ்தான் என்கிறீர்களா? நம் ஊர்ச் சிறு ஆபீஸ்களில் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 பெட்டியும் கேஎக்ஸ்-டி7730 போனும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதற்கான டிஎஸ்எஸ் கன்சோல் கேஎக்ஸ்-டி7740, எக்ஸ்டென்ஷன்களுக்கு 32 பட்டன். பானசோனிக் இந்த வியாபாரத்திலிருந்தே விலகிவிட்டதால் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும், சென்னை என்றால் ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். இந்தக் கன்சோல் போனில் செருகுவதில்லை, இபிஏபிஎக்ஸ் பெட்டியில் தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் போர்ட் எடுத்துக்கொள்ளும், பிறகு புரோகிராமிங்கில் இந்தக் கன்சோல் இந்தப் போனுக்கு ஜோடி என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, டிஸ்பிளே உள்ள 7730 போனுக்கு 4 வயர் வேண்டும். ரோசட் பாக்ஸுக்கு ஒரு ஜோடி மட்டும் இழுத்துவிட்டு டிஸ்பிளே செத்துப்போச்சு என்று போனைக் குறை சொல்பவர்கள் நிறைய பேர்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது?

ஐபி போன்கள் பெரும்பாலும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் எடுத்துக்கொள்ளும், பிஓஇ என்பது இதுதான். 802.3ஏஎஃப் தரத்தில் நெட்வொர்க் சுவிட்சின் ஒரு போர்ட் 15.4 வாட் வரை கொடுக்கும், கேபிளில் போவது போகப் போனுக்கு 12.95 வாட் வரை எடுத்துக்கொள்ள உரிமை. 802.3ஏடி என்றால் போர்ட்டில் 30 வாட், போனுக்கு 25.5. மாட்யூல் சேர்ந்தால் அதன் திரைக்கும் விளக்குகளுக்கும் இதே கணக்கிலிருந்துதான் போக வேண்டும். ஒரு மாட்யூல் என்றால் வழக்கமாகச் சமாளித்துவிடும். இரண்டு மூன்று கோக்கும்போது தனி அடாப்டர் வேண்டுமா, ஏடி சுவிட்ச் வேண்டுமா என்று அந்த மாட்யூலின் கையேட்டில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும், அதைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

சுவிட்சின் மொத்தக் கொள்ளளவையும் பாருங்கள். 8 போர்ட்டுக்கும் முழுசாக 15.4 கொடுக்க 123.2 வாட் வேண்டும். மலிவான 8 போர்ட் சுவிட்சுகளில் மொத்தமே அதில் பாதிதான் இருக்கும். அதில் நான்கு கேமராவையும் தொங்கவிட்டிருந்தால் ரிசப்ஷன் போன் தானாக அணைந்து எழுந்துகொண்டிருக்கும், நீங்கள் மாட்யூல் பழுது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அடாப்டர் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யீலிங்க் மேசை போன்கள் 5 வோல்ட். கிராண்ட்ஸ்ட்ரீமில் சின்ன ஜிஎக்ஸ்பி1610 5 வோல்ட், அதே கம்பெனியின் 2140 12 வோல்ட். சிஸ்கோ 48 வோல்ட். உருண்டை பின் நுழைகிறது என்பதற்காக எதையும் எதிலும் செருகக் கூடாது. ஆபீஸ் இடம் மாறும்போது எல்லா அடாப்டரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் போன்கள் கருகும். மார்க்கர் பேனாவால் அடாப்டர் தலையில் மாடல் பெயரை எழுதி வையுங்கள், அரை நிமிஷ வேலை.

மாட்டுவது

போனின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மேசையில் ஒரு துணியை விரித்து போனையும் மாட்யூலையும் திரை கீழே இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். ஸ்டாண்ட் மாட்டியிருந்தால் கழற்றுங்கள், ஏனென்றால் இணைப்பு வயர் ஸ்டாண்டுக்கு உள்ளே ஓடும் பள்ளத்தில் போக வேண்டும், ஸ்டாண்டை மாட்டிய பிறகு அதை உள்ளே தள்ளப் பார்த்தால் விரல்தான் மாட்டும். மாட்யூல் பெட்டியிலேயே ஒரு இணைப்புத் தகடும் திருகுகளும் வரும், இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது அந்தத் தகடுதான். திருகுகளை முதலில் பாதி மட்டும் முடுக்குங்கள், ஸ்டாண்டுகள் இரண்டையும் மாட்டி நிமிர்த்தி வைத்து, இரண்டு திரையும் ஒரே சாய்வில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு முழுசாக முடுக்குங்கள். தகடு இல்லாமல் வயர் மட்டும் செருகி வைத்த ஒரு இடத்தில், பட்டனைத் தட்டத் தட்ட மாட்யூல் மேசையில் நகர்ந்து நகர்ந்து ஒரு நாள் விளிம்பைத் தாண்டிவிட்டது.

பிறகு கேபிளைப் போடுங்கள். போன் எழுந்ததும் மாட்யூல் திரையும் வெளிச்சமாக வேண்டும். வரவில்லை என்றால் போனுக்குள் ஓடும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, புதுப்பித்துப் பாருங்கள், மாட்யூல் வருவதற்கு முன்பே வெளியான ஃபர்ம்வேருக்கு அதை அடையாளம் தெரியாது.

பட்டனில் ஆளைப் பதிவது

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பட்டனுக்கு ஸ்பீடு டயல் என்று ஒரு வகை உண்டு, பிஎல்எஃப் என்று ஒரு வகை உண்டு. ஸ்பீடு டயல் நம்பரை மட்டும் போடும், விளக்கு எரியாது. பிஎல்எஃப் தான் விளக்கோடு வருவது. வெளி நம்பர்களுக்கு, கூரியர்காரர், டாக்சி, கிளை ஆபீஸ், ஸ்பீடு டயல். உள்ளே இருப்பவர்களுக்கு பிஎல்எஃப்.

விளக்கு எப்படி எரிகிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினையை நீங்களே தீர்த்துவிடலாம். உங்கள் போனுக்கும் கணக்குப் பிரிவு போனுக்கும் நடுவில் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. உங்கள் போன் எக்ஸ்சேஞ்சிடம், அதாவது சர்வரிடம், "118-க்கு என்ன ஆனாலும் எனக்குச் சொல்லு" என்று பதிந்து வைக்கிறது. 118 மணி அடித்தாலோ பேச ஆரம்பித்தாலோ வைத்துவிட்டாலோ சர்வர் ஒரு சேதி அனுப்புகிறது, விளக்கின் நிறம் மாறுகிறது. சர்வர் சொல்லாவிட்டால் மாட்யூல் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பொம்மைதான். ஆகவே முதலில் சர்வர் பக்கம் பாருங்கள். சர்வரில் ஓடுவது ஃப்ரீபிபிஎக்ஸ் என்கிற மென்பொருள் என்றால் எக்ஸ்டென்ஷன் உருவாக்கும்போதே இதற்கான ஹின்ட், அதாவது எந்த நம்பரின் நிலையைச் சொல்ல வேண்டும் என்கிற வரி, தானாக வந்துவிடும். அதற்கு அடியில் இருக்கும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளை மட்டும் கையால் எழுதி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு நம்பருக்கும் ஹின்ட் வரி எழுத வேண்டும்.

யீலிங்கில் வழி இது: போன் சும்மா இருக்கும்போது ஓகே பட்டனை அழுத்தினால் ஐபி முகவரி காட்டும். அதைக் கம்ப்யூட்டர் பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். டிஎஸ்எஸ் கீ என்கிற பகுதியில் மாட்யூலுக்குத் தனிப் பக்கம் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் வகை பிஎல்எஃப், அதற்கு அடுத்து எக்ஸ்டென்ஷன் நம்பர், பெயர், எந்த லைன். மணி அடிக்கிற போனை உங்கள் மேசையிலிருந்தே எடுக்க வேண்டுமானால் அதற்கான குறியீட்டையும் சேருங்கள், ஃப்ரீபிபிஎக்ஸில் வழக்கமாக நட்சத்திரம் இரண்டு, பிறகு நம்பர். உள்ளே போனதும் அட்மின் பாஸ்வேர்டைப் பெட்டியில் வந்தபடியே விட்டுவைக்காமல் மாற்றிவிடுங்கள்.

பட்டன்களை எக்ஸ்டென்ஷன் நம்பர் வரிசையில் அடுக்காதீர்கள். 101, 102, 103 என்று அடுக்கினால் பார்க்க அழகு, கைக்கு உதவாது. அடிக்கடி தட்டுகிற எட்டுப் பத்துப் பேர் முதல் பக்கத்தின் மேல்பாதியில், மற்றவர்கள் மாடி வாரியாகவோ பிரிவு வாரியாகவோ. பெயர் சின்னதாக இருக்கட்டும், நீளமாக இருந்தால் வெட்டிக் காட்டும். ஆள் பெயருக்குப் பதில் இருக்கையின் பெயரை வைத்தால் ஆள் மாறும்போது பட்டனை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு பெரிய பள்ளம்: சர்வரிலிருந்து போன்களுக்குத் தானாக செட்டிங் அனுப்பும் ஏற்பாடு இருந்தால், நீங்கள் போனில் உட்கார்ந்து பதிந்த 60 பட்டனும் அடுத்த முறை போன் சர்வரிடம் செட்டிங் கேட்கும்போது காணாமல் போய்விடலாம். அப்படிப்பட்ட இடத்தில் பட்டன்களையும் சர்வர் பக்கத்திலேயே பதிய வேண்டும். 3சிஎக்ஸ் என்கிற சர்வர் மென்பொருளில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரே மாட்யூலை ஒரே வாரத்தில் மூன்று முறை பதிந்தவன் சொல்கிறேன்.

சோதனை

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் 118-லிருந்து யாருக்காவது போன் செய்யட்டும், உங்கள் பட்டன் சிவப்பாக வேண்டும். வைத்ததும் பச்சை. 118-க்கு மணி அடிக்கும்போது சிவப்பு வேகமாகச் சிமிட்ட வேண்டும். விளக்கே எரியாமல் இருட்டாக இருந்தால் நம்பர் தவறு அல்லது சர்வரில் அந்த நம்பர் இல்லை. இவை யீலிங்கின் வழக்கமான நிறங்கள், மற்றவற்றில் கொஞ்சம் மாறும். எல்லாம் சரியாக இருந்து, கொஞ்ச நேரத்தில் விளக்குகள் உறைந்துபோய் பழைய நிறத்திலேயே நிற்கிறது, சர்வரும் வெளியில் எங்கோ இருக்கிறது என்றால் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்கிற வசதியை அணைத்துப் பாருங்கள். உதவி செய்கிறேன் என்று வந்து சேதிகளைக் குழப்புகிற வசதி அது.

கடைசியாக, கால் பேசிக்கொண்டிருக்கும்போது பட்டனைத் தட்டிப் பாருங்கள். நேரே மாற்றிவிடுகிறதா, அந்தப் பக்கம் பேசிக் கேட்டுவிட்டு மாற்ற விடுகிறதா, இல்லை புதிய கால் போடுகிறதா என்பதை யீலிங்கில் டிரான்ஸ்ஃபர் பகுதியில் தேர்வு செய்யலாம். இதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், அந்த நாற்காலியில் உட்காருகிறவரைக் கேளுங்கள். எம்டிக்கு வரும் காலை அவரிடம் கேட்காமல் நேரே தள்ளிவிட்டால் திட்டு விழுவது அவருக்குத்தான்.

ஹெட்செட்

நாள் முழுக்கப் பேசுகிறவருக்கு மாட்யூலைவிட முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பேன். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு டைப் அடிப்பவரின் கழுத்தைக் கேட்டுப் பாருங்கள்.

வயர் உள்ளது என்றால் ஆர்ஜே9 முனை, ரிசீவர் சுருள் வயரில் இருக்கிற அதே குட்டி முனை. முனை ஒன்றுதான், உள்ளே நான்கு வயரின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால்தான் ஒரு போனில் நன்றாக இருந்த ஹெட்செட் இன்னொன்றில் காதுக்குக் கேட்கும், நாம் பேசுவது மட்டும் போகாது. ஹெட்செட்டை மாற்ற வேண்டாம், அந்தப் போனுக்கான கீழ் வயரை மாற்றினால் போதும், நல்ல கம்பெனி ஹெட்செட்களில் நடுவில் கழற்றும் இணைப்பு அதற்காகவே இருக்கிறது. யுஎஸ்பி ஹெட்செட்டில் இந்தத் தலைவலி இல்லை, ஆனால் போனில் யுஎஸ்பி ஓட்டை எத்தனை என்று பாருங்கள். டி46யு-வில் இரண்டு, ஒன்று மாட்யூலுக்குப் போனாலும் இன்னொன்று மிச்சம்.

வயர்லெஸ் வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள். ஹெட்செட் பட்டனை அழுத்தினால் போன் தானாக எடுக்க வேண்டுமானால் இடையில் இஹெச்எஸ் என்கிற சின்ன அடாப்டர் வேண்டும், அது போன் மாடலுக்கும் ஹெட்செட்டுக்கும் சேர்த்துப் பொருத்தமாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஜெராக்ஸ் மெஷினிடம் நின்றுகொண்டு மணி அடிப்பதைக் கேட்கலாம், எடுக்க மேசைக்கு ஓடி வர வேண்டும். பழைய போன்களுக்கு ரிசீவரையே தூக்கிவிடும் ஒரு லிஃப்டர் கருவியும் உண்டு, பார்க்க வேடிக்கையாக இருக்கும், வேலை செய்யும். பிளான்ட்ரானிக்ஸ் என்று பழைய பட்டியல்களில் இருப்பதைக் கடையில் இப்போது பாலி, எச்பி என்று கேளுங்கள். 2019-ல் பெயர் மாறியது, 2022-ல் எச்பி வாங்கிவிட்டது.

சில்லறைச் சாமான்கள்

சுவரில் மாட்டுகிறீர்கள் என்றால் பிராக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். மாட்டிய பிறகு ரிசீவர் நழுவி நழுவி விழுகிறதா? ரிசீவர் உட்காரும் குழியின் மேல்புறத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை மேலே இழுத்து எடுத்து, தலைகீழாகத் திருப்பிச் செருகினால் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டு ரிசீவரைப் பிடித்துக்கொள்ளும். யீலிங்கிலும் சிஸ்கோவிலும் இருக்கிறது, அது இருப்பதே தெரியாமல் செலோடேப் ஒட்டி வைத்திருப்பார்கள்.

மில், ஒர்க்‌ஷாப் மாதிரி சத்தமான இடத்துக்கு வெளி மணி வாங்கிக்கொள்ளுங்கள். சாதா அனலாக் லைன் என்றால் போனுக்கு இணையாக ஒரு எக்ஸ்டென்ஷன் பெல் போட்டால் முடிந்தது. ஐபி லைன் என்றால் தனி எக்ஸ்டென்ஷனாகவே பதிந்துகொள்ளும் ஒலிபெருக்கி மணிகள் வருகின்றன, அதையும் ரிசப்ஷன் நம்பரையும் ஒரே ரிங் குரூப்பில், அதாவது சேர்ந்து மணி அடிக்கும் கூட்டத்தில், போட்டுவிடுங்கள்.

சுருள் வயர் முறுக்கிக்கொண்டு ரிசீவரை எடுத்தால் போனே கூட வருகிறது என்றால், வயருக்கும் ரிசீவருக்கும் நடுவில் செருகும் சுழல் முனை ஒன்று கிடைக்கும். கட்டைவிரல் அளவுதான், எல்லாச் சாமானிலும் மலிவு. அதை வாங்கப் போகும்போதே கடையை விட்டு வருவதற்குள் ஒரு வேலை: போனின் செட்டிங்கை பிரவுசர் வழியாக ஃபைலாக இறக்கி வைக்க ஒரு பென்டிரைவ் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டன் எல்லாம் பதிந்து சோதித்து முடித்த அன்றே இறக்கி, தேதி போட்டு, ரிசப்ஷன் மேசை டிராயரில் அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன் தாளோடு சேர்த்து வைத்துவிடுங்கள். தாளைக் கிழித்துப் போட வேண்டாம், கரண்ட் போகிற அன்றைக்கு வேண்டியிருக்கும்.